சேர்மனுக்கு நான் படித்துக் காட்டிய கடிதம்

பேப்பரை விரித்ததும் முதலில் கண்ணில் பட்டது நான் எழுதிய வாக்கியம்.

காலை எட்டே கால் மணி இருக்கும். நாமக்கல் பரமத்தி ரோட்டில் சேர்மன் வீட்டு முன் அறை. சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய பேப்பர் மடிப்புக் கலையாமல் மேசைமேல் இருந்தது. நான் பிரித்தால்தான் அது பிரியும். மை வாசனை இன்னும் போகவில்லை. தலையங்கப் பக்கத்தின் கீழ்ப்பாதியில், ஆசிரியருக்கு வரும் கடிதங்களுக்கு நடுவே, பதினெட்டு வரி. என் பதினெட்டு வரி.

எதிரே சேர்மன் ராசப்பன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். "ஏனுங்க டீச்சர், இன்னிக்கு நம்ம பக்கத்துச் சேதி ஏதாச்சும் போட்டிருக்கானுங்களா?" என்று கேட்டார். தினமும் கேட்கிற கேள்விதான். "இல்லைங்க" என்பதுதான் அநேகமாகத் தினமும் என் பதில்.

அன்றைக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர் செய்யாமல் விட்ட ஒரு காரியம், நாடு முழுக்கப் படிக்கிற பத்திரிகையில் வந்திருந்தது. எழுதியவள் நான். அதை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் நான்.

சேலத்துப் பெண் கல்யாணமாகி நாமக்கல்லில் என்ன செய்தாள் என்று சென்ற அத்தியாயத்தைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு முன்னால், காலையில் முக்கால் மணி நேரம் சேர்மனுக்குப் பேப்பர் படித்தேன்.

பெயர் வேண்டாத பத்திரிகை

அந்தப் பத்திரிகையின் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "இங்கிலீஷ் பேப்பர்" என்றால் அது ஒன்றுதான். மெட்ராஸில் அச்சாகி, முந்தின நாள் சாயங்காலமே ரயிலேறி, விடியும்போது சேலம் ஜங்ஷனில் இறங்கும். அங்கிருந்து பஸ்ஸில் நாமக்கல். தாசில்தார், இரண்டு மூன்று வக்கீல்கள், பெரியாஸ்பத்திரி டாக்டர், எங்கள் சர்ச்சுப் பங்குச் சாமியார், சேர்மன். ஊரில் மொத்தமே இவ்வளவு பேர்தான் வாங்கினார்கள். இவர்களில் இங்கிலீஷ் தெரியாதவர் சேர்மன் ஒருவர்தான்.

எனக்கு அந்தப் பேப்பர் பிறந்த வீட்டுச் சொந்தம். அப்பா சேலம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அவருடைய அப்பா காலத்திலேயே தொடங்கிய பத்திரிகை அது. அந்த நாளில் முதல் பக்கம் முழுக்க விளம்பரம்தான் இருக்கும். தலைவலித் தைலம், தையல் மெஷின், கப்பல் புறப்படும் நாள். உலகத்தில் என்ன தலைபோகிற சேதி என்றாலும் உள்ளே புரட்டித்தான் பார்க்க வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள் விளம்பரம் உள்ளே போய், சேதி முதல் பக்கத்துக்கு வந்தது. அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. கண்ணியமான மனுஷன் திடீரென்று தெருவில் நின்று கூவுவதுபோல் இருக்கிறது என்றார்.

அது கூவாத பத்திரிகை. அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு என்பது அப்பாவின் எண்ணம். வெள்ளைக்காரன் இருந்தபோது அவனிடம் மரியாதையாக முறையிட்டது. பிறகு மரியாதையாக எதிர்த்தது. சுதந்திரம் வந்தபின், ஆண்ட கட்சியை அதட்டாமல், ஒரு பெரியப்பா முகத்தைச் சுளிப்பதுபோல் சுளித்தது. அந்தச் சுளிப்புக்கு மெட்ராஸ் கோட்டையில் பயந்தார்கள்.

துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒன்று நடந்தது. கட்டுப்பாடு தளரக்கூடும் என்று தலையங்கத்தில் ஒரு வரி வந்தது. உத்தரவு எதுவும் வரவில்லை, அந்த ஒரு வரிதான். அன்று மத்தியானம், விலை எந்தப் பக்கம் போகுமோ என்று சேலம் கடைவீதியில் பாதி ஜவுளிக் கடைகளைச் சாத்திவிட்டார்கள். ஜலகண்டாபுரத்திலிருந்து சேலை மூட்டையோடு வந்த நெசவாளிகள் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்காவது அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்காது. படித்த சில நூறு பேர் முடிவு செய்ததில் படிக்காத ஆயிரம் பேர் நின்றுபோனார்கள். அப்பா இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மந்திரி கேட்ட கேள்வி

சேர்மன் ராசப்பன் ஏழாவதோடு நின்றவர். கடலைக்காடும் கிணறும் இருந்தன. பஞ்சாயத்து யூனியன்கள் வந்தபோது முதல் தேர்தலிலேயே சேர்மன் ஆனார். கை சுத்தம். அடுத்த சட்டசபைத் தேர்தலுக்கு ஆளுங்கட்சி சீட்டு தனக்குத்தான் என்று நம்பினார், ஊரும் நம்பியது.

ஒரு தடவை ஏதோ மனு கொடுக்க மெட்ராஸ் போயிருந்தார். மந்திரி மரியாதையாக உட்காரச் சொல்லி, இன்றைய பேப்பர் பார்த்தீர்களா, உங்கள் ஜில்லாவைப் பற்றி வந்திருக்கிறதே என்று கேட்டாராம். இவர் பார்த்திருக்கவில்லை. கூட வந்திருந்த ராசிபுரத்துக்காரர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். மனு ராசிபுரத்துக்காரருக்கு வேலை செய்தது.

ஊருக்குத் திரும்பியதும் பேப்பருக்குச் சொல்லிவிட்டார். முதலில் ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து படித்தார். அவர் கசப்பானதையெல்லாம் விட்டுவிட்டு இனிப்பாகப் படிக்கிறார் என்று சந்தேகம் வந்தது. என் வீட்டுக்காரர் அந்தோணி யூனியன் ஆபீசில் கிளார்க்காக இருந்தார். அவர் மூலமாக என்னைக் கேட்டார்கள்.

முதல் நாள் சேர்மன் சொன்னது ஒன்றே ஒன்று. "நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி படிங்க. விட்டுப் படிக்கறதுன்னா வேண்டாங்க."

மூன்று வருஷம் அப்படியே படித்தேன். சீனச் சண்டை, தங்கக் கட்டுப்பாடு, அரிசித் தட்டுப்பாடு. அவர் கேட்கும் கேள்விகள் சில சமயம் என்னைத் திக்குமுக்காட வைக்கும். பின்னால் மொழிப் போராட்டம் நடந்த சமயத்தில், எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தும், அந்தோணியிடம் அவர் கேட்டாராம், "இங்கிலீஷ் வேணும்னு நம்மாளுக இங்கிலீஷ்லயே லெட்டர் போட்டுக்கறானுங்களாமா?" என்று. எங்களுக்குள் பேச்சு ஏன் நின்றது என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

மஞ்சள் கட்டடம்

புதுச்சத்திரத்தை ஒட்டி, சேலம் ரோட்டு மேலேயே ஒரு பிரசவ விடுதி கட்டினார்கள். சேர்மன் முயற்சியால் வந்தது. இடம் கூட அவருடைய பங்காளியிடம் கேட்டு வாங்கியதுதான். மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, கட்டிலும் தொட்டிலும் இறக்கி, சரோஜா என்று ஒரு நர்ஸையும் போட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். அத்துடன் சரி. மந்திரி வந்து திறக்க வேண்டும் என்று சேர்மன் ஆசைப்பட்டார். மந்திரியின் தேதி வரவில்லை. கட்டடத்தில் பூட்டுத் தொங்கியது. சரோஜா பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, திறக்காத ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்து வாசலைப் பெருக்கிவிட்டுப் போனாள்.

தீபாவளிக்கு முன் சேர்மனிடம் அதைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பொங்கலுக்குப் பிறகும் ஒரு தடவை சொன்னேன். "மந்திரி தேதி வந்துரட்டுமுங்க டீச்சர்" என்றார்.

ஈஸ்டருக்கு முந்திய தவசுக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில் அப்பாவோடு பூசை பார்த்துவிட்டு மத்தியானப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். புதுச்சத்திரத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது நாலைந்து பேர் ரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தார்கள். வலி எடுத்த ஒரு பெண்ணைத் தூக்கி ஏற்றினார்கள். என்னிடம் ஐந்தாவது படித்த பழனியம்மாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. என் மடியில் தலை வைத்துக்கொண்டாள்.

டிரைவர் வேறு எங்கும் நிறுத்தவில்லை. மஞ்சள் கட்டடம் ஜன்னலுக்கு வெளியே வந்தது, போயிற்று. வாசலில் சரோஜா நிற்பதைக் கூடப் பார்த்தேன். நர்ஸ் இருக்கிறாள், கட்டில் இருக்கிறது, சாவி மட்டும் நாமக்கல்லில் இருக்கிறது. பழனியம்மாள் என் முழங்கையைப் பிடித்திருந்த இடம் கன்றிப்போய் ஒரு வாரம் வலித்தது. நாமக்கல் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பையன்.

அடுத்த நாள் காலையில் வழக்கம்போல் சேர்மனுக்குப் பேப்பர் படித்தேன். அமெரிக்காவிலிருந்து வரும் கோதுமையைப் பற்றிப் படித்ததாக ஞாபகம். என் வாய் படித்தது. அன்று இடைவேளையில், பள்ளிக்கூடக் காகிதத்தில் அந்தக் கடிதத்தை எழுதினேன். பிரசுரிக்க அல்ல என்று குறிப்பிட்டு என் பெயரையும் அப்பாவின் சேலம் விலாசத்தையும் கொடுத்தேன். அடியில் "ஓர் உள்ளூர்வாசி" என்று போட்டேன். அந்தோணியிடம் சொல்லவில்லை.

பதினெட்டு வரி

பதினைந்து நாள் கழித்து வந்துவிட்டது.

தாண்டிப் போயிருக்கலாம். அடுத்த கடிதம் தபால் தாமதத்தைப் பற்றியது, அதைப் படித்திருந்தால் அவருக்கு என்ன தெரியப் போகிறது? ஆனால் பதினொரு மணிக்குள் தாசில்தார் சொல்லிவிடுவார். தவிர, மூன்று வருஷமாக ஒரு வரி விட்டுப் படித்ததில்லை. அந்தப் பழக்கம்தான் என்னைப் படிக்க வைத்தது என்று நினைக்கிறேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன்.

"ஐயா, சேலம்–நாமக்கல் சாலையில் புதுச்சத்திரம் அருகே கட்டி முடித்த பிரசவ விடுதி ஒன்று பதினொரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. கட்டில் உள்ளே இருக்கிறது, நர்ஸ் வெளியே நிற்கிறார். திறந்து வைக்க அமைச்சரின் தேதிக்குக் காத்திருப்பதாகச் சொல்கிறார்கள். குழந்தைகள் அப்படித் தேதி கேட்டுக்கொண்டு பிறப்பதில்லை." அதன் பிறகு பஸ்ஸில் நடந்தது. பெயர் எதுவும் இல்லை.

சேர்மன் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பூட்டுச் சமாச்சாரத்தை இன்னொருக்காப் படிங்க" என்றார். படித்தேன். வேறு எதுவும் படிக்கச் சொல்லவில்லை.

அன்று நடந்ததை அந்தோணி சாயங்காலம் வந்து சொன்னார். பத்தரை மணிக்குக் கலெக்டர் ஆபீசிலிருந்து போன். பன்னிரண்டு மணிக்கு மெட்ராஸிலிருந்து ட்ரங்க் கால். அமைச்சரிடம் யாரும் தேதி கேட்கவே இல்லையாம், உடனே திறங்கள் என்று உத்தரவு. சேர்மனோ மூன்று தடவை எழுதிக் கேட்டிருந்தார். மூன்று கடிதத்தின் நகலும் ஆபீஸ் ஃபைலில் இருந்தது, அந்தோணியே டைப் அடித்தவை. மந்திரிக்கு அவர் எழுதிய மூன்று கடிதம் போய்ச் சேராத இடத்துக்கு என் பதினெட்டு வரி போய்ச் சேர்ந்துவிட்டது. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

நான் எழுத மறுத்தது

மறுநாள் போனபோது சேர்மன் பேப்பரைத் தள்ளி வைத்திருந்தார். மேசைமேல் வெள்ளைக் காகிதமும் பேனாவும். ஜில்லா சுகாதார அதிகாரிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். நர்ஸ் சரோஜா அடக்கமில்லாதவள், பொய்ச் செய்தி பரப்புகிறாள், அவளைக் கொல்லிமலைக்கு மாற்ற வேண்டும். இங்கிலீஷும் தெரிந்து உள்விஷயமும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று யோசித்து முடிவு செய்திருந்தார். அவருடைய கணக்கில் நான் வரவே இல்லை. நான் அவர் வீட்டு மனுஷி.

பேனாவை எடுத்து "ஐயா" என்பது வரைக்கும் எழுதிவிட்டேன். பிறகு கீழே வைத்தேன்.

"இதை நான் எழுத முடியாதுங்க."

"ஏனுங்க?"

"பேப்பருக்கு எழுதினது அந்தப் பொண்ணு இல்லைங்க. நான்தான்."

உள்ளே அவர் சம்சாரம் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சேர்மன் என்னைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்தார்.

"நேத்து ரெண்டாந்தரம் பேப்பரைப் பாக்காமயே படிச்சீங்க. பழக்கமாயிட்டுதுன்னு நெனச்சேன்" என்றார். பேனாவை மூடிக்கொண்டே, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்றார்.

"சொன்னேங்க. ரெண்டு தரம் சொன்னேன்."

"சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். காகிதத்தை என் முன்னாலிருந்து எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அந்த நர்ஸம்மா அங்கயே இருக்கட்டும். நாளைக்கிருந்து நீங்க வர வேண்டாங்க டீச்சர்."

வீட்டுக்கு வந்து அந்தோணியிடம் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். "என்னைக் கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு கை கழுவிக்கொண்டே, "கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அந்த மாதமே அவரைச் சேந்தமங்கலத்துக்கு மாற்றிவிட்டார்கள். சேர்மன் கேட்டுச் செய்ததா, சேர்மனைச் சந்தோஷப்படுத்த வேறு யாராவது செய்ததா தெரியாது. இரண்டு வருஷம் தினமும் பஸ்ஸில் போய்வந்தார். என்னை அதற்காக ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. பஸ் தாமதமாகும் நாட்களில் மட்டும் வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

பிரசவ விடுதியைத் திறக்க யாரும் வரவில்லை. சேர்மன் தனியாகப் போய்ப் பூட்டைத் திறந்து, சாவியைச் சரோஜா கையில் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு எட்டுக்கூட வைக்காமல் திரும்பிவிட்டாராம். அந்த வாரமே ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று சரோஜா சொல்லி அனுப்பினாள்.

பேப்பருக்குத் தெரியாதது

சட்டசபைத் தேர்தலில் ராசப்பனுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. ராசிபுரத்துக்காரரின் மச்சானுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கடிதம்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று சிலர் சொன்னார்கள். யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

சீட்டு வாங்கியவரும் தோற்றார். மாநிலமே திரும்பிவிட்ட தேர்தல் அது. வாக்குப் பதிவுக்கு முந்தின நாள் வரை இங்கிலீஷ் பேப்பர் சில இடங்கள் குறையலாம் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தது. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர்களும் லாரி ஷெட்டில் ஸ்பானர் பிடித்தவர்களும் ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தது அதன் காதில் விழவில்லை. அவர்கள் படித்தது வேறு பத்திரிகை, கேட்டது வேறு மேடை. கோட்டைக் கதவைத் திறக்க வைக்கிற குரல் அந்தப் பேப்பரிடம் இருந்தது. கோட்டையே கைமாறப் போகிற சேதி அதனிடம் இல்லை. அப்பா அன்றைக்குத் தலையங்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, இவர்கள் வெளியே வந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டார்.

எம் பேரையே போடுங்க

அதற்கும் ஒன்றிரண்டு வருஷம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் வீட்டு நாற்காலியில் ராசப்பன் உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் சேர்மன் இல்லை. இளைத்திருந்தார். அந்தோணி எதிரே சங்கடமாக நின்றுகொண்டிருந்தார்.

சரோஜா கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு ஏழு மாதமாக ஆள் போடவில்லை. கட்டடம் திறந்தே கிடக்கிறது, ஆடு படுக்கிறது என்றார். இரண்டு ஆபீசுக்கு நடந்துவிட்டார். இப்போது இருக்கிறவர்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை.

"ஒரு லெட்டரு எழுதோணுங்க டீச்சர். அந்தப் பேப்பருக்கு."

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன், என் பங்குக்கு எதுவும் சேர்க்கவில்லை. முடிவில், முன்பு போட்டதுபோல் உள்ளூர்வாசி என்று போடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாங்க. எம் பேரையே போடுங்க."

பத்தாம் நாள் வந்தது. ஏழு வரியாகச் சுருக்கிப் போட்டிருந்தார்கள். நான் சொல்லி அனுப்பியதும் வந்துவிட்டார். படித்துச் சொன்னேன். பிறகு பேப்பரை வாங்கித் தன் மடியில் விரித்துக்கொண்டு, "இதுல எம் பேரு எதுங்க?" என்றார். காட்டினேன். அந்த எழுத்துக்களின் மேல் விரலை வைத்து, இடமிருந்து வலமாக ஒரு தடவை தடவிப் பார்த்தார். பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, புதுச்சத்திரம் பஸ் எத்தனை மணிக்கு என்று அந்தோணியிடம் கேட்டார்.

புது நர்ஸ் வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை வாரத்துக்கு ஒரு நாள் அவர் பஸ் ஏறிப் போய், ஆள் வந்தாயிற்றா என்று பார்த்துவிட்டு, கட்டடத்துக்குள் படுத்திருந்த ஆடுகளை ஓட்டிவிட்டுத் திரும்பினார்.